போலீசுக்குக் காட்ட ஒரு பெல்ட்

தோள் உடைந்து தானா ராத்தா ஊர் ஆஸ்பத்திரியில் கிடந்த என்னைப் பார்க்க வந்தவர்கள், ஆரஞ்சுப் பழத்தைத் தலைமாட்டில் வைத்த கையோடு கேட்ட முதல் கேள்வி ஒன்றுதான்.

"ஒன்ன யாரு புள்ள பெல்ட்டு போடச் சொன்னா?"

வேனை வாய்க்காலில் இறக்கியவனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எதிரே வந்த காய்கறி லாரிக்காரனையும் கேட்கவில்லை. பெல்ட் போட்ட நான்தான் குற்றவாளி. என்னோடு வந்து, வேனின் பின்பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஐந்து பெண்களுக்கும் பெல்ட் கிடையாது. ஒருத்திக்கு உதடு கிழிந்தது, மற்றவர்களுக்கு வெறும் சிராய்ப்பு. "பாத்தியா, பெல்ட்டு இல்லாதவளுக்கெல்லாம் சாமி தொண, பெல்ட்டு போட்டவளுக்குத்தான் கேடு" என்று அவர்களே வந்து என் கட்டிலைச் சுற்றி நின்று தீர்ப்பு வாசித்துவிட்டு, நான் சாப்பிடாத ஆரஞ்சை உரித்துத் தின்றுவிட்டுப் போனார்கள்.

அது எண்பதுகளின் தொடக்கம். முன்சீட்டில் உட்காருகிறவர்கள் பெல்ட் போட வேண்டும் என்று கீழே சட்டம் வந்து, அது மலையேறி எங்களிடம் வர இன்னும் கொஞ்சக் காலம் பிடித்தது. எங்களுக்கு எல்லாமே அப்படித்தான், தபாலும் தாமதம், தீபாவளிப் படமும் தாமதம். ஒரு வழியாகச் சட்டம் வந்து சேர்ந்ததும் பிரிஞ்சாங்கில் போலீஸ் நிற்க ஆரம்பித்தது. எங்கள் ஆட்கள் அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். போலீஸ் தெரிந்ததும் பெல்ட்டைக் குறுக்கே இழுத்துக் கையால் பிடித்துக்கொள்வது, தாண்டியதும் விட்டுவிடுவது. மாப்பிள்ளை வீட்டார் வரும்போது மட்டும் தலையைக் குனிந்துகொள்ளும் பெண்ணைப் போல, அந்த அடக்கமெல்லாம் பார்க்கிறவர்கள் இருக்கும் வரைக்கும்தான்.

எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு ஒரு பழைய வேன் இருந்தது. சீக்காளிகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதும், ஆள் குறைந்த டிவிஷனுக்கு எங்களைக் கொண்டுபோய்க் கொட்டுவதும் அதன் வேலை. அந்த வேன் ஒரு நாள் பிரிஞ்சாங் பட்டறைக்குப் போய், முன்சீட்டுக்கு இரண்டு பெல்ட்டோடு திரும்பி வந்தது. டிரைவர் அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்து, நாலு சக்கரத்திலும் எலுமிச்சம்பழம் நசுக்கினான். பெல்ட் எதில் பூட்டியிருக்கிறது என்று குனிந்து பார்த்திருந்தால் எலுமிச்சம்பழம் மிச்சமாகியிருக்கும்.

நான் முன்சீட்டில் உட்கார்ந்தது பெருமைக்காக இல்லை. பின்னால் உட்கார்ந்தால் ஒவ்வொரு வளைவுக்கும் எனக்குக் குமட்டும். அன்றைக்குக் கம்போங் ராஜா பக்கத்து டிவிஷனில் கொழுந்து முற்றிக் கிடக்கிறது என்று எங்கள் ஆறு பேரையும் கத்திரியோடு ஏற்றினார்கள். எங்கள் மலையில் கொழுந்தைக் கையால் கிள்ளுவது குறைந்து, பெரிய கத்திரியால் வெட்டும் காலம் வந்துவிட்டது. இரண்டு கையும் சரியாக இருந்தால்தான் அந்தக் கத்திரி பேசும்.

பிரிஞ்சாங் கடைத்தெருவுக்குள் நுழைந்ததும், போலீசைப் பார்த்து டிரைவர் பதறினான். "அக்கா, மாத்தா நிக்கிறான் பாரு. பெல்ட்ட இழுத்துப் போட்டுக்கோலா!"

கையால் பிடித்துக்கொள்ளும் வித்தை எனக்குத் தெரியாது. சொன்னபடி இழுத்து, சொன்ன இடத்தில் சொருகினேன். 'டக்' என்றது. போலீஸ்காரர் எங்களைப் பார்க்கக்கூட இல்லை, யாரோ ஒரு மோட்டார் சைக்கிள்காரனைப் பிடித்து வைத்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு அதை எப்படிக் கழற்றுவது என்று எனக்குத் தெரியவில்லை. டிரைவரைக் கேட்கவும் வெட்கமாக இருந்தது. அதனால்தான் கோலா தெர்லாவுக்குப் பக்கத்தில் லாரி வளைவை அடைத்துக்கொண்டு வந்தபோதும் பெல்ட் என் மேல் இருந்தது.

வேன் வேகமாகப் போகவில்லை. அந்த ஏற்றத்தில் அதற்கு வேகம் வராது. டிரைவர் ஒடித்தான், முன்சக்கரம் வாய்க்காலில் இறங்கி மண்சுவரில் மோதியது. என்னைப் பிடித்து நிறுத்த வேண்டிய பெல்ட், கிழங்கைப் பிடுங்குவது மாதிரி அடித்தட்டோடு பிடுங்கிக்கொண்டு என் கூடவே வந்தது. நான் முன்பலகையில் மோத, அடியிலிருந்து கிளம்பிய போல்ட்டும் இரும்பும் என் கழுத்தோரம் வந்து அடித்தது. காறை எலும்பு முறிந்தது, வலது தோள் மூட்டு நொறுங்கியது. வேலியே பயிரை மேய்ந்தது என்று சொல்லக் கேட்டிருக்கிறேன், அன்றைக்கு மேயப்பட்ட பயிர் நான்.

ஆஸ்பத்திரியில் எலும்பு சேர்ந்தது. ஆனால் கை மேலே வர மறுத்துவிட்டது. டாக்டர் தூக்கச் சொன்னார். தூக்கினேன் என்றுதான் நான் நினைத்தேன், குனிந்து பார்த்தால் கை மடியிலேயே இருந்தது. "கொஞ்சம் கொஞ்சமா வரும், வராமலும் போகும்" என்றார். இப்படிச் சொல்வதற்கு அவர் அத்தனை வருஷம் படித்திருக்க வேண்டாம்.

வீட்டுக்கு வந்த அன்றைக்கே கிராணி வந்தார். தோட்டத்து ஆபீசில் எங்கள் பேர், எங்கள் வேலை, எங்கள் விடுப்பு எல்லாம் எழுதுகிறவர். நாற்காலியைத் துடைத்துப் போட்டேன், உட்காரவில்லை. கிராணிமார் லயத்து வீட்டில் உட்கார்ந்தால் வேட்டி வெளுப்பு குறைந்துவிடும்.

"என்னம்மா, கையி இனிமே சரிப்படாதாமே? ஒண்ணும் கவலப்படாத. மகளு பேரக் குடுத்துடு. அடுத்த மாசம் பெரட்டுக்கு அனுப்பு. வீடு பாட்டுக்கு வீடு இருக்கும்."

இதை ஏதோ பிரசாதம் கொடுப்பது போலச் சொன்னார். வெளியூர்க்காரர்களுக்கு விளங்கச் சொல்கிறேன். லயத்து வரிசை வீடு தோட்டத்துடையது. அந்த வீட்டிலிருந்து ஒரு பேராவது செக்ரோல் என்கிற ஆள் பதிவேட்டில் இருக்க வேண்டும், விடியற்காலைப் பெரட்டில் பேர் கூப்பிடும்போது 'இருக்கேன்' என்று ஒரு குரலாவது வர வேண்டும். குரல் நின்றால் வீடும் நின்றது. என் வீட்டுக்காரர் கோலா தெர்லாவில் ஒரு சீனருடைய காய்கறித் தோட்டத்தில் லாரிக்கு மூட்டை ஏற்றுகிறவர். அவர் பேர் எங்கள் தோட்டத்தில் கிடையாது. வீட்டைத் தாங்கி நின்றது என் பேர் ஒன்றுதான். என் ஒரே மகள் அப்போது பதினைந்து வயதில் மூன்றாம் படிவம் படித்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் லயத்தில் பெண்பிள்ளைகள் படிப்பு எப்படி முடியும் என்று எல்லோருக்கும் தெரியும். அப்பனுக்கு நெஞ்சுவலி வந்தால் முடியும், அம்மாவுக்கு இடுப்பு போனால் முடியும். பரீட்சையில் தோற்று முடித்தவர்கள் குறைவு. என் படிப்பும் அப்படித்தான் ஆறாம் வகுப்போடு முடிந்தது, என் அம்மாவுக்கு வந்த மஞ்சக்காமாலையில். கிராணி சொன்னதைக் கேட்டதும் எனக்குத் தோள் வலி மறந்து போனது. அவ்வளவு கோபம்.

"அவ படிக்கட்டும் ஐயா. நா வேற வழி பாத்துக்கிறேன்" என்றேன்.

"வேற வழியா?" என்று சிரித்தார். "சட்டம் பேசப் போறியா?"

அந்த நிமிஷம் வரை எனக்கு அப்படி ஒரு எண்ணமே கிடையாது. அவர் சிரித்த சிரிப்பில்தான் வந்தது.

சட்டம் என்ற சொல் லயத்தில் பரவியதும் ஆளாளுக்கு வக்கீலாகிவிட்டார்கள். டிரைவர் மேல் கேஸ் போடு என்றார் ஒருவர். லாரிக்காரன் மேல் போடு, அவன்தான் பணக்காரன் என்றார் இன்னொருவர், லாரியை யாரும் நம்பர் பார்க்கவில்லை என்பது பேச்சின் கடைசியில்தான் தெரிந்தது. பெல்ட் போடச் சொன்ன அரசாங்கத்தின் மேலேயே போடு என்று கள்ளுக்கடையிலிருந்து ஒரு யோசனை வந்தது. சங்கத்துத் தலைவர் வந்து வாசலில் நின்று, "விடமாட்டோம், தொழிலாளி ரத்தம் வீண் போகாது" என்று முழங்கினார். என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். "மகளு பேரக் குடுத்து மொதல்ல வீட்டக் காப்பாத்து, அப்பறம் போராடலாம்" என்றார். அதைத்தான் கிராணி முழங்காமல் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

கடைசியில் நானும் என் வீட்டுக்காரரும் பஸ் ஏறி மலையடிவாரத்துத் தாப்பாவுக்கு இறங்கினோம். அங்கே ஒரு தமிழ் வக்கீல் இருந்தார். மாடிப்படி இருட்டாக இருந்தது, அறையில் மின்விசிறி சுற்றியும் வேர்த்துக் கொட்டியது. மலையிலிருந்து வந்தவளுக்கு அந்த வேர்வையே பாதி தண்டனை. அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, எனக்கு எத்தனை கதவு இருக்கிறது, அதில் எத்தனை சாத்தியிருக்கிறது என்று சொல்ல ஆரம்பித்தார்.

"வேலைக்குப் போற வழியில அடிபட்டிருக்கீங்க. அதுக்கு அரசாங்கக் காப்புறுதி இருக்கு, மாசாமாசம் ஏதோ வரும். ஆனா அது இருக்கறதுனால தோட்டத்து மேல கேஸ் போட முடியாது. சட்டம் அப்படி. டிரைவரும் தோட்டத்து ஆளு, அவர் மேலயும் முடியாது."

"காப்புறுதி குடுத்தா வீடு குடுப்பாங்களா சார்?" என்றேன்.

"வீடு அதுல வராதுமா."

எங்களைக் காப்பாற்றுவதற்காகச் செய்த சட்டம் எங்கள் தோட்டத்தையும் சேர்த்துக் காப்பாற்றிவிட்டது. அந்தப் பெல்ட்டைச் செய்த ஆளுக்கும் இந்தச் சட்டத்தைச் செய்த ஆளுக்கும் ஏதாவது சொந்தம் இருக்குமோ என்று எனக்குச் சந்தேகம்.

பெல்ட் செய்த கம்பெனி மேல் போடலாம், ஆனால் அது எந்த நாட்டில் இருக்கிறதோ, அதைத் தேடிப் பிடிப்பதற்குள் தலை நரைத்துவிடும் என்றார் வக்கீல். மிச்சம் இருக்கும் ஒரே கதவு பெல்ட்டைப் பூட்டிய பட்டறை. சரியாகப் பூட்டாமல் விட்டது அவர்கள் குற்றம் என்று காட்ட வேண்டும்.

"அதுக்கு அந்த பெல்ட்டும் போல்ட்டும் வேணும். எங்க இருக்கு?"

என் வீட்டுக்காரர் அதுவரை வாயைத் திறக்கவில்லை. இப்போதுதான் தனக்குத் தெரிந்த விஷயம் வந்தது என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். முகத்தில் அப்படி ஒரு பெருமை.

"அதெல்லாம் எரிச்சாச்சு சார்! பீட தொலைஞ்சிச்சு."

வக்கீல் பேனாவை மூடினார். நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார், பெருமை இன்னும் இறங்கவில்லை.

நடந்தது இதுதான். நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, இவரும் டிரைவரும் இன்னும் நாலு பேரும் கூடிப் பேசியிருக்கிறார்கள். ரத்தம் பட்ட பொருள் வேனில் இருந்தால் இன்னொரு உயிரைக் கேட்கும் என்று முடிவாகியிருக்கிறது. பெல்ட்டை அறுத்து எடுத்து, மிளகாயும் உப்பும் சேர்த்துச் சுற்றி, லயத்துக்கு எல்லையில் இருக்கிற முனியாண்டி முன்னால் கொளுத்திவிட்டார்கள். நைலான் உருகி எரிந்த நாற்றத்தில் பூசாரிக்கு இருமல் வந்து, முனி இறங்கிவிட்டது என்று எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்களாம். என் தோளுக்காக அத்தனை பேர் பாடுபட்டிருக்கிறார்கள். எங்கள் தோட்டத்து மேனேஜர் துரையே ஒரு ஆளை வைத்துச் சாட்சியத்தை அழிக்கச் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு சுத்தமாக அழித்திருக்க மாட்டான்.

"இரும்புமா எரிஞ்சிச்சு?" என்று கேட்டேன், தாப்பா பஸ் ஸ்டாண்டில் வைத்து.

"இரும்பு எப்படி எரியும்? அத முனியோட சூலத்துலயே கட்டிப் போட்டாச்சு. இனிமே அது எங்கயும் போவாது" என்றார்.

அவர் எனக்கு நல்லது நினைத்துத்தான் செய்தார். அதுதான் வயிற்றெரிச்சல். கெட்டது நினைத்தவனாக இருந்தால் ஒரு சண்டை போட்டு முடித்திருக்கலாம்.

மறுநாள் பகல் வேளையில், எல்லோரும் வெட்டுக்குப் போயிருந்தபோது, கையைக் கழுத்துத் துணியில் தொங்கவிட்டுக்கொண்டு முனியாண்டி கோயிலுக்குப் போனேன். கோயில் என்றால் ஒரு தகரக் கூரை, ஒரு கல், மூன்று சூலம். நடுச் சூலத்தில் சிவப்புக் கயிற்றில் தொங்கியது என் எதிரி. பெரிய போல்ட், அதைக் கவ்விக்கொண்டு நின்ற ஒரு துண்டுத் தகடு. வேனின் அடித்தட்டிலிருந்து பிய்ந்து வந்தது. தொட்டால் விரலில் செதில் செதிலாக உதிர்ந்தது துரு. இதை நம்பி என்னை ஒருவன் கட்டிப்போட்டிருக்கிறான்.

பூசாரி எங்கிருந்தோ ஓடி வந்துவிட்டார். சாதாரண நாளில் கூப்பிட்டால் வரமாட்டார்.

"தங்கச்சி, தொடாத! முனி கட்டுனத அவுத்தா குடும்பமே வெளங்காது."

"அண்ணே, இத அவுக்கலன்னா வீடே போவுது. வீடு போயிட்டா நா கோலா தெர்லாவுல சீனன் தோட்டத்துக் கொட்டாயில கெடப்பேன். முனிக்குக் கெடா வெட்ட நீங்களா குடுப்பீங்க?"

பூசாரி யோசித்தார். கிடா வெட்டில் தலையும் தொடையும் அவருக்குப் போகிற வழக்கம் எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். "சாமிகிட்ட உத்தரவு கேட்டுட்டு எடு" என்று இறங்கி வந்தார். நான் முனியிடம் நேராகவே பேசினேன். உனக்குத் தேவையில்லாத இரும்பு இது, எனக்குத் தேவை, கோபம் என்றால் பெல்ட் பூட்டினவன் மேல் காட்டு என்றேன். இடது கையாலும் பல்லாலும் முடிச்சை அவிழ்த்தேன். உண்மையைச் சொன்னால் எனக்கும் பயமாகத்தான் இருந்தது. வீடு வரும் வரை திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த இரும்பை மார்க்கெட் கூடையில் வைத்து, மேலே இரண்டு முட்டைக்கோசைப் போட்டுக்கொண்டு, என் வீட்டுக்காரரோடு பிரிஞ்சாங் பட்டறைக்குப் போனேன். பட்டறைத் தவுக்கே, அதாவது முதலாளி, வயதான சீனர். எங்கள் ஆட்களோடு பழகிப் பழகி மலாயும் தமிழும் கலந்து ஒரு பாஷை பேசுவார். போல்ட்டைப் பார்த்ததும் மறுப்பார் என்று நினைத்து, வழியெல்லாம் சண்டைக்குத் தயாராகி வந்திருந்தேன். அவர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது நம்ம போட்டதுதான்லா" என்றார். எனக்குச் சண்டையே வீணாகிவிட்டது.

அதற்குப் பிறகு அவருக்குத்தான் கோபம் வந்தது. என்னிடம் இல்லை, எங்கள் துரையிடம். வேனும் துரையுடைய காரும் ஒரே நாளில் பட்டறைக்கு வந்ததாம். காருக்கு அடித்தட்டின் கீழே கனமான இரும்புத் தகடு வைத்து, அதோடு சேர்த்து இறுக்கினாராம். வேனின் அடித்தட்டு துருப்பிடித்துப் போயிருக்கிறது, வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைக்க வேண்டும், இரண்டு நாள் வேலை என்று துரையிடம் சொல்லியிருக்கிறார். துரை கையை ஆட்டிச் சொன்னதை அவர் அப்படியே எனக்கு ஆட்டிக் காட்டினார்.

"வேன் தா பாயா. போலீஸ் தெங்கோ, சுக்கோப்."

வேனுக்கு வேண்டாம், போலீஸ் பார்த்தால் போதும். எனக்கு மலாய் ஓரளவுதான் தெரியும், ஆனால் அந்த வார்த்தைகள் எனக்கு ஒரு தடவையிலேயே மனப்பாடம் ஆகிவிட்டன. எங்கள் ஆட்கள் பெல்ட்டைக் கையால் பிடித்துப் போலீசை ஏமாற்றியதை நான் எவ்வளவு கேலி செய்திருப்பேன்! துரை ஒரு வேன் முழுக்க அதையே செய்திருக்கிறார், போல்ட் போட்டு.

இதைக் கேட்டதும் வக்கீல் முதல் தடவையாகச் சிரித்தார். பட்டறைக்கு நோட்டீஸ் அனுப்பினால் தவுக்கே சும்மா இருக்க மாட்டார், துரை சொல்லித்தான் செய்தேன் என்று கோர்ட்டில் சொல்வார் என்றார். தோட்டத்தின் மேல் நாம் கேஸ் போட முடியாதே தவிர, துரையின் வாய் என்ன சொன்னது என்று ஊர் கேட்பதை எந்தச் சட்டமும் தடுக்காது. "நோட்டீஸ் போனாலே போதும், பாருங்க" என்றார்.

நோட்டீஸ் போனது. தவுக்கே அதை எடுத்துக்கொண்டு நேரே துரை பங்களாவுக்குப் போயிருக்கிறார். அடுத்த நாளே எனக்கு ஆபீசிலிருந்து ஆள் வந்தது.

வெள்ளைக்காரன் போய் நம் நிறத்துத் துரை வந்து சில வருஷம் ஆகியிருந்தது. ஆள் மாறினாலும் ஆபீஸ் மாறவில்லை. நாங்கள் ஜன்னலுக்கு வெளியே நின்று பேச வேண்டும், அதுதான் வழக்கம். அன்றைக்கு என்னை உள்ளே கூப்பிட்டார்கள். நாற்காலி கொடுத்தார்கள். பீங்கான் கோப்பையில் தேத்தண்ணி வந்தது. இருபது வருஷத்துக்கு மேல் அந்தக் கொழுந்தைக் கிள்ளியும் வெட்டியும் இருக்கிறேன், அது அவ்வளவு மணமாக இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரியும். எங்களுக்குக் கிடைப்பது தூசித் தூள். ஒரு போல்ட் இத்தனை மரியாதையை வாங்கித் தரும் என்று முனியாண்டிக்கே தெரிந்திருக்காது.

"என்னம்மா, நம்மளுக்குள்ள பேசி முடிக்க வேண்டியத வக்கீல் வரைக்கும் கொண்டு போயிட்டீங்க?" என்றார் துரை. அதுவரை என்னை 'நீ' என்றுதான் சொல்வார்.

நான் கூடையிலிருந்து இரும்பை எடுத்து அவர் மேஜையில் வைத்தேன். துரு அவர் காகிதத்தின் மேல் கொட்டியது. கிராணி துடைக்கப் போனார், துரை வேண்டாம் என்றார்.

"எனக்குக் கோர்ட்ல இங்கிலீசு பேசத் தெரியாது துரை. ஒண்ணுதான் சொல்லத் தெரியும். உங்க புள்ளைங்க உக்கார்ற எடத்துக்கு அடியில தகடு இருக்கு. நாங்க உக்கார்ற எடத்துக்கு அடியில துரு இருக்கு. ஒரே பட்டற, ஒரே நாளு. அத மட்டும் சொல்லிட்டு வந்துருவேன்."

அவர் பார்வை ஜன்னலுக்குப் போனது. வெளியே அவருடைய கார் நின்றிருந்தது. அந்த முகத்தைப் பார்க்க எனக்குத் திருப்தியாக இருந்தது, அதை மறைக்க நான் முயலவும் இல்லை.

"என்ன வேணும் உங்களுக்கு?"

"வீடு வேணும்."

துரையின் முகம் உடனே தெளிந்தது. இவ்வளவுதானா என்பது போல. "வீடுதான? உங்க மகள அனுப்புங்க. வெயில்ல மழையில நிக்க வேணாம், ஆபீஸ்லயே வேல குடுக்கிறேன். மேசையில உக்காந்து வேல பாக்கலாம்."

கிராணி என்னைப் பார்த்துத் தலையாட்டினார், ஒத்துக்கொள் என்று. லயத்தில் எந்தத் தாய் அதைக் கேட்டிருந்தாலும் துரை காலில் விழுந்திருப்பாள். எனக்கும் ஒரு நிமிஷம் ஆசை வந்தது. ஆபீஸ், மேசை, நனையாத கூரைக்குக் கீழே என் மகள். பிறகு அவள் வீட்டில் பாயில் குப்புறப் படுத்துக்கொண்டு, காலை ஆட்டிக்கொண்டு, பூமிசாஸ்திரப் படம் வரைவது ஞாபகம் வந்தது. அந்தக் கால் ஆட்டம் எந்த ஆபீசிலும் நடக்காது.

"மக பேரு வேணாம் துரை. என் பேருதான். ஆயாக் கொட்டாயில கொழந்தைங்களப் பாத்துக்க ஆளு பத்தலன்னு கேள்விப்பட்டேன். தொட்டில் ஆட்ட ஒரு கையி போதும்."

"ஒரு கையால கொழந்தையத் தூக்க முடியுமா?" என்று கிராணி இடையில் புகுந்தார்.

"பெத்தவளுகளே ஒரு கையாலதான் தூக்குறாளுக. இன்னொரு கையிலதான் உங்க கத்திரி இருக்கே."

துரை ஒத்துக்கொண்டார். நான் வேலை செய்கிற வரைக்கும் வீடு, பட்டறை மேல் கேஸ் இல்லை, போல்ட் விஷயம் வெளியே பேசக் கூடாது. வேனின் அடித்தட்டை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைக்க வேண்டும் என்றும் கேட்டேன். அதற்கும் சரி என்றார். அப்படிச் செய்யவில்லை. அந்த வேனை அப்படியே கம்போங் ராஜாவில் ஒரு காய்கறிக்காரருக்கு விற்றுவிட்டார், துருவையும் சேர்த்து. வாங்கியவர் போலீசுக்குப் பயந்தவராக இருக்கக் கூடாதே என்று நான் முனியிடம் வேண்டிக்கொண்டேன். போல்ட் விஷயத்தை வெளியே பேசக் கூடாது என்பதை எவ்வளவு காப்பாற்றினேன் என்று இதைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும்.

வக்கீல் என்னைத் திட்டினார். கோர்ட்டுக்குப் போயிருந்தால் நல்ல தொகை கிடைத்திருக்கும், ஒரு தொட்டில் வேலைக்கு விட்டுக் கொடுத்துவிட்டீர்களே என்றார். இருக்கலாம். அவர் மேசையில் அடுக்கியிருந்த கோப்புகளை நான் பார்த்திருந்தேன், சிலவற்றின் மேல் பல்லி முட்டை இருந்தது. என் கேஸ் முடிகிற வரைக்கும் மூன்றாம் படிவம் காத்திருக்காது. லயத்துக்காரர்கள் வேறு மாதிரித் திட்டினார்கள். ஆபீஸ் உத்தியோகத்தைக் காலால் உதைத்தவள் என்று ஒரு பட்டம் கிடைத்தது. "படிச்சு என்னத்தக் கிழிக்கப் போறா?" என்று என் மாமியாரே கேட்டார். என்ன கிழிப்பாள் என்று எனக்கும் தெரியாது. தெரிந்துதான் படிக்க வைக்க வேண்டும் என்றால் துரை பிள்ளைகளையும் யாரும் படிக்க வைத்திருக்க மாட்டார்கள்.

மாதம் பிறந்த முதல் பெரட்டுக்குப் போனேன். மூட்டம் இன்னும் கலையவில்லை, பக்கத்தில் நிற்பவள் முகம்கூடச் சரியாகத் தெரியவில்லை. துரை ஓரமாக நின்று பார்க்க, கிராணி விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பேர் கூப்பிட்டார். பேர் கூப்பிட்டதும் கையைத் தூக்கி 'இருக்கேன்' என்று சொல்ல வேண்டும். வெட்டுக்காரர்கள் பேர் எல்லாம் முடிந்து, கடைசியில் ஆயாக் கொட்டாய் வந்தது. என் பேரைக் கூப்பிட்டார். வலது கையைத் தூக்கிப் பார்த்தேன், அது மார்போடு நின்றுவிட்டது. இடது கையைத் தூக்கினேன்.

"இருக்கேன்!"

நான் கத்தியது கொஞ்சம் அதிகம்தான். கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். அந்த நேரத்தில் என் மகள் வெள்ளைச் சட்டையும் நீலப் பாவாடையுமாகப் பள்ளிக்கூட பஸ்ஸைப் பிடிக்கக் கீழே இறங்கிக்கொண்டிருந்தாள். என் குரலைக் கேட்டு நின்று திரும்பினாள். பக்கத்தில் வந்து, யாருக்கும் கேட்காமல், "அம்மா, துரைக்கு முன்னால போயி எடது கையத் தூக்குறியே, வெக்கமா இல்ல?" என்று கேட்டுவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினாள்.

கிராணி அடுத்த பேருக்குப் போய்விட்டார். எனக்கு அந்தக் கையைக் கீழே இறக்க மனசு வரவில்லை.